துபாயில் இந்தியப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது: ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

எங்கள் மகளை ஐந்தாம் வகுப்பிலும் மகனை மழலையர் வகுப்பிலும் துபாயில் சேர்ப்பதற்கு எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அவற்றில் நான்கு மாதங்கள், ஊரில் இருக்கும்போதே சில வாரங்களில் முடித்திருக்கக்கூடிய கையெழுத்துகளுக்காகக் கடல் கடந்து அலைந்த மாதங்கள். வேலைக்கான நியமனக் கடிதம் வந்தவுடன் வீடு எங்கே, வாடகை எவ்வளவு என்று விசாரித்தோமே தவிர, பிள்ளைகளின் பள்ளிக் காகிதங்களை விமானம் ஏறும் வாரத்தில்தான் எடுத்துப் பார்த்தோம். குடும்பத்தை அழைத்துக்கொண்டு முதல் முறையாகத் துபாய்க்கு வரவிருக்கும் தமிழ்ப் பெற்றோர்கள் அந்தத் தவற்றைச் செய்யாமல் இருப்பதற்காக இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

துபாயில் அயல்நாட்டவரின் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் தனியார் பள்ளிகளில்தான். அந்தப் பள்ளிகளை மேற்பார்வையிடும் அமைப்பு அறிவு, மனித மேம்பாட்டு ஆணையம். எல்லோரும் அதை கே.எச்.டி.ஏ. என்றே சொல்கிறார்கள். துபாயின் தனியார் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியப் பாடத்திட்டத்தில் படிக்கிறார், அதிலும் பெரும்பாலோர் சி.பி.எஸ்.இ. நான் சொல்வது இந்தப் பள்ளிகளைப் பற்றி மட்டுமே. அபுதாபியில் அடெக், ஷார்ஜாவில் ஸ்பீ என்று வேறு வேறு ஆணையங்கள் இருக்கின்றன. அவற்றின் கட்டண வரம்பும் தேதிகளும் வேறாக இருக்கலாம் என்பதால் அங்கே போகிறவர்கள் இதிலுள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. பள்ளிக்கு முன்னால் மொழியை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான பெற்றோர்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டி, கடைசியில் படிவத்தில் "இரண்டாம் மொழி" என்ற கட்டத்துக்கு வந்து நிற்கும்போதுதான் அதைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. இந்தியப் பள்ளிகள் அனைத்தும் ஆங்கில வழிப் பள்ளிகள். தாய்மொழிக்கு அங்கே இருக்கும் ஒரே இடம் அந்த இரண்டாம் மொழிக் கட்டம்தான். இந்தி எல்லாப் பள்ளிகளிலும் கிடைக்கும். மலையாளமும் பிரெஞ்சும் பல பள்ளிகளில் கிடைக்கும். தமிழ் ஒரு சில பள்ளிகளில் மட்டுமே உண்டு.

இதோடு அரபு மொழியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் தனியார் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை அரபு கட்டாயப் பாடம். அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்குத் தனி நிலைப் புத்தகம் உண்டு என்பதால் அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் வாரத்தில் அதற்கென்று வகுப்புகள் ஒதுக்கப்பட்டுவிடும். முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டாயம். அறநெறி, சமூகப் பாடமும் இருக்கிறது. இவற்றுக்கிடையில் "தமிழை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால் பிறகு வீட்டில் அதற்கு நேரம் இருக்காது என்பது என் அனுபவம்.

பள்ளியின் சேர்க்கைப் பிரிவில் தமிழ் உண்டா என்று மட்டும் கேட்டால் "உண்டு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை தமிழ் இருக்கிறது, உங்கள் பிள்ளை சேரும் வகுப்பில் இப்போது எத்தனை பேர் தமிழ் எடுத்திருக்கிறார்கள், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அந்தப் பள்ளி மாணவர்கள் தமிழை, அதாவது சி.பி.எஸ்.இ. பட்டியலில் 006 என்ற எண்ணுள்ள பாடத்தை எழுதுகிறார்களா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் பார்த்த ஒரு பள்ளியில் தமிழ் இருந்தது, ஆனால் ஐந்தாம் வகுப்பில் அதை எடுத்தவர்கள் மூன்றே பேர். அடுத்த ஆண்டு அந்தப் பிரிவு நடக்குமா என்ற கேள்விக்கு யாரும் உறுதி தரவில்லை.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் ஓரளவாவது உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியமானது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் ஒரு கட்டாயப் பாடம். இங்கே எட்டாம் வகுப்பு வரை இந்தியோ பிரெஞ்சோ படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குத் தஞ்சாவூருக்கோ கோவைக்கோ திரும்பும் பிள்ளை, "அ" எழுதத் தெரியாமல் அங்குள்ள வகுப்பில் உட்கார நேரிடும். அப்படித் திரும்பிய இரண்டு குடும்பங்களை நான் அறிவேன். இரண்டு வீட்டிலும் பிள்ளைக்குக் கணக்கு, அறிவியலைவிடத் தமிழுக்குத்தான் அதிகமான தனிவகுப்பு வைக்க வேண்டியிருந்தது.

2. கல்வி ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

துபாயில் இரண்டு விதமான நாட்காட்டிகள் இருக்கின்றன. பிரிட்டன், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்ட் இறுதியில் தொடங்குகின்றன. இந்தியப் பள்ளிகள் ஏப்ரல் முதல் வாரத்தையொட்டித் தொடங்கி மார்ச்சில் முடிகின்றன. நடுவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கோடை விடுமுறை.

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கேதான் முதல் சிக்கல். அங்கே ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் நடக்கும், மாற்றுச் சான்றிதழ் மே மாதத்தில் கைக்கு வரும், புதிய வகுப்பு ஜூனில் தொடங்கும். இங்கே அதற்குள் முதல் பருவத்தில் பாதி முடிந்திருக்கும். ஆகவே ஏப்ரலில் சேர்க்க வேண்டுமானால், ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் ஜனவரியிலேயே பேசி, ஆண்டுத் தேர்வுக்குப் பிறகு தேர்ச்சியைக் குறிப்பிட்டுச் சான்றிதழை விரைவாகத் தருவதற்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். அது முடியாது என்றால், சான்றிதழைப் பிறகு கொடுப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்க இங்குள்ள பள்ளி இசையுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில பள்ளிகள் இசையும், சில இசையாது. எப்படியானாலும் காலக்கெடு ஒன்றை வைத்திருப்பார்கள்.

விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டின் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் திறக்கப்பட்டுவிடும். மழலையர் வகுப்புக்கு இடம் கிடைப்பதுதான் கடினம். பேர்பெற்ற சில பள்ளிகளில் குலுக்கல் முறைகூட உண்டு. இரண்டாம் வகுப்புக்கு மேல், யாராவது ஊருக்குத் திரும்பினால் இடம் காலியாகும், ஆகவே மார்ச், ஏப்ரலில் தொலைபேசியை அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

3. வயதையும் வகுப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்

ஏப்ரலில் தொடங்கும் பள்ளிகளுக்கு மார்ச் 31ஆம் தேதிதான் கணக்கு. அந்தத் தேதிக்குள் நான்கு வயது நிறைந்தால் கே.ஜி. 1, ஐந்து நிறைந்தால் கே.ஜி. 2, ஆறு நிறைந்தால் முதல் வகுப்பு. தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டத்தில் ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைந்தாலே முதல் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். ஆகவே ஊரில் எல்.கே.ஜி. முடித்த பிள்ளையை இங்கே மீண்டும் கே.ஜி. 1இல்தான் சேர்ப்போம் என்று பள்ளி சொன்னால் திகைக்க வேண்டாம். எங்கள் மகனுக்கு அப்படித்தான் ஆனது. ஓர் ஆண்டு வீணாகிறதே என்று நான் ஒரு வாரம் வாதாடினேன். விதி கணினியில் இருக்கிறது, பிறந்த தேதியைப் போட்டவுடன் அதுவே வகுப்பைக் காட்டிவிடுகிறது, அங்கே வாதத்துக்கு இடமில்லை. முதல் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளின் வயது குறைவாக இருந்தால், விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே பிறந்த தேதியையும் முடித்த வகுப்பையும் எழுதி அனுப்பி எந்த வகுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. பெயரை எல்லாக் காகிதங்களிலும் ஒன்றாக்குங்கள்

இது நம் ஊர்க்காரர்களுக்கென்றே அமைந்த கண்ணி. நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பள்ளிப் பதிவேட்டில் "ச. இளவேனில்" என்றிருக்கும். பிறப்புச் சான்றிதழில் "இளவேனில்" என்று மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக விரிந்து முழுப்பெயராக இருக்கும். மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று நமக்குத் தெரியும், ஆனால் அமீரகத்தின் கணினிக்குத் தெரியாது. எங்கள் மகளின் மாற்றுச் சான்றிதழ் முதல் முறை திரும்பி வந்ததற்கு இதுதான் காரணம்.

ஆகவே மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, கடவுச்சீட்டின் நகலையும் பிறப்புச் சான்றிதழையும் கொடுத்து, பள்ளிப் பதிவேட்டிலும், தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸ் தளத்திலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் உட்படக் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மாற்றுச் சான்றிதழ் எமிஸ் தளத்திலிருந்துதான் உருவாக்கப்படுகிறது. தளத்தில் தவறாக இருந்தால் அச்சிலும் தவறாகவே வரும், பேனாவால் அடித்துத் திருத்தி முத்திரை வைத்த சான்றிதழை மேலிடத்தில் ஏற்பதில்லை. பெற்றோரின் பெயர்களையும் இவ்வாறே சரிபாருங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமலும் சிலர் வைத்திருப்பார்கள், "ஆண் குழந்தை" என்ற அளவோடு நின்றிருக்கும். பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் பெயரைச் சேர்க்கலாம். பதிவு நடந்த நகராட்சியிலோ ஊராட்சியிலோ விண்ணப்பித்து, தமிழும் ஆங்கிலமும் உள்ள புதிய சான்றிதழாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி அட்டையையும் மறந்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டையில் செவிலியர் தமிழில் எழுதிய தேதிகளை இங்குள்ள பள்ளிச் செவிலியரால் படிக்க முடியாது. ஊசியின் பெயர், போட்ட தேதி ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வைத்த ஒரு பக்கத்தை ஊரிலேயே வாங்கிக்கொண்டால் போதும். நான் வாங்காமல் வந்து, மகனுக்கு ஏற்கெனவே போட்ட ஊசி ஒன்றை இங்கே மறுபடியும் போட வேண்டியதாயிற்று.

5. மாற்றுச் சான்றிதழும் அதன்மேல் ஏற வேண்டிய முத்திரைகளும்

இரண்டாம் வகுப்பிலும் அதற்கு மேலும் சேரும் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டும். பள்ளி கொடுத்த காகிதம் அப்படியே செல்லாது. அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக முத்திரைகள் ஏற வேண்டும், வரிசை மாறினால் அடுத்த அலுவலகம் வாங்காது. இதைத்தான் அட்டெஸ்டேஷன் என்கிறார்கள்.

முதலில் சான்றிதழில் என்ன இருக்க வேண்டும் என்று பாருங்கள். பிள்ளை சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசியாகப் படித்த வகுப்பு, அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றதா என்ற குறிப்பு, தலைமையாசிரியரின் கையெழுத்து, பள்ளி முத்திரை ஆகிய அனைத்தும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். "தேர்ச்சி" என்ற கட்டத்தில் வெறும் கோடு போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

அடுத்தது கல்வித் துறையின் மேலொப்பம். தனியார் பள்ளியானால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் போக வேண்டும். அந்த அலுவலகத்தில் உங்கள் பள்ளித் தலைமையாசிரியரின் மாதிரிக் கையெழுத்து இருக்கிறதா என்று பள்ளியிலேயே கேட்டுவிட்டுச் செல்லுங்கள். தலைமையாசிரியர் மாறியிருந்து, புதியவரின் மாதிரிக் கையெழுத்து அங்கே போய்ச் சேராமல் இருந்ததால் எங்களுக்கு மட்டும் இரண்டு நடை ஆனது.

அதன்பின் மாநில அளவிலான சரிபார்ப்பு, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம். வெளியுறவு அமைச்சகம் பொதுமக்களிடமிருந்து நேரடியாகக் காகிதங்களை வாங்குவதில்லை, அது நியமித்த முகவர் நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அமீரகத்தின் தூதரகம் புதுதில்லியிலும், துணைத் தூதரகங்கள் மும்பையிலும் திருவனந்தபுரத்திலும் ஐதராபாத்திலும் இருக்கின்றன. கடைசியாக, இங்கே வந்த பிறகு அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம். அதற்கு ஒரு காகிதத்துக்கு 150 திர்ஹம் கட்டணம்.

இதில் மூன்று இடங்களில் பணம் வீணாகும். ஒன்று, அப்போஸ்டில். முகவர்களில் சிலர் "அப்போஸ்டில் போட்டுத் தருகிறேன், எல்லா நாட்டுக்கும் செல்லும்" என்பார்கள். அப்போஸ்டில் என்பது தூதரக முத்திரை தேவைப்படாத ஒற்றைச் சான்றொப்பம், அதற்கான ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கானது, அமீரகத்துக்கு நான் செய்தபோது அது பயன்படவில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டெஸ்டேஷனும் தூதரக முத்திரையும் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாவது, லேமினேஷன். சான்றிதழுக்கு ஞெகிழி உறை ஒட்டிவிட்டால் பின்பக்கத்தில் முத்திரை வைக்க முடியாது. மூன்றாவது, ஒரு காகிதத்தை மட்டும் அனுப்பிவிட்டு மற்றதை மறப்பது. பிள்ளையின் குடியிருப்பு விசாவுக்குப் பிறப்புச் சான்றிதழும், மனைவியின் விசாவுக்குத் திருமணச் சான்றிதழும் இதே முத்திரைகளோடு கேட்கப்படும். அவற்றுக்கு மாநில அளவில் கல்வித் துறைக்குப் பதிலாக உள்துறை என்பது மட்டுமே வேறுபாடு. எல்லாவற்றையும் ஒரே முறையில் கொடுத்துவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஊரில் இருந்தபடி கையில் காகிதத்தோடு செய்தால் மூன்று வாரம் முதல் ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துபாய்க்கு வந்த பிறகு அசல் காகிதத்தைக் கூரியரில் ஊருக்கு அனுப்பி, மாமனாரை அலுவலகம் அலுவலகமாக நடக்க வைத்து, மறுபடியும் கூரியரில் வரவழைத்த எனக்கு நான்கு மாதம் ஆனது. செலவும் ஏறத்தாழ மூன்று மடங்கு. முகவர்களின் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால் குறைந்தது இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர்களுடைய சேவைக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தர மறுப்பவரிடம் அசல் காகிதத்தைக் கொடுக்காதீர்கள்.

6. விண்ணப்பமும் நேர்காணலும்

பள்ளிகளின் தளத்தில் இணையவழியாகவே விண்ணப்பிக்கலாம். பிள்ளையின் கடவுச்சீட்டு, விசா, எமிரேட்ஸ் அடையாள அட்டை, பெற்றோர் இருவரின் அதே மூன்று ஆவணங்கள், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விவரம், கடந்த இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண் அறிக்கைகள், வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்பாக முன்பே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை இன்னும் வரவில்லை என்றால் விண்ணப்பித்த ரசீதைக் காட்டலாம், ஆனால் பதிவு முழுமையாவதற்கு அட்டை வந்தே ஆக வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை கிடையாது என்பதால் அவர்களுடைய அட்டை பெரியவர்களுடையதைவிடச் சற்று விரைவாகவே வரும்.

பிள்ளைக்கு ஆங்கிலம், கணக்கு ஆகிய இரண்டிலும் ஒரு சிறு தேர்வு இருக்கும். தமிழ்வழியில் படித்த பிள்ளையானால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆங்கில உதவி வகுப்பு உள்ள பள்ளிகள் இருக்கின்றன.

பள்ளியின் தரத்தை அறிய கே.எச்.டி.ஏ. தளத்திலுள்ள ஆய்வறிக்கையைப் படியுங்கள். மிகச்சிறப்பு, மிக நன்று, நன்று, ஏற்கத்தக்கது, பலவீனம், மிகப் பலவீனம் என்று தரவரிசை கொடுத்திருப்பார்கள். தரத்தை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கை எந்த ஆண்டினுடையது என்பதைப் பார்க்காமல் விடாதீர்கள். வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் குடியிருந்துகொண்டு துபாய்ப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்கள், பேருந்து காலை எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும் என்பதையும் கேளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஐந்தரை மணிக்குச் சீருடையோடு நிற்கிறான்.

7. கட்டணக் கணக்கு

துபாயில் பள்ளி தன் விருப்பம்போலக் கட்டணம் வாங்க முடியாது. ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியான கட்டண அறிக்கையை ஆணையம் தன் தளத்தில் வெளியிடுகிறது. சேர்க்கைப் பிரிவு சொல்லும் தொகையை அதனோடு ஒப்பிடுங்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கு வரம்பு 500 திர்ஹம், மதிப்புக் கூட்டு வரியோடு 525. இடம் உறுதியானதும் ஆண்டுக் கட்டணத்தில் பத்து விழுக்காடு வரை முன்பணமாகக் கேட்கலாம், அது முதல் பருவக் கட்டணத்தில் கழிக்கப்படும். ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளுக்கு மறுபதிவு முன்பணம் ஐந்து விழுக்காடு.

ஆண்டுக் கட்டணத்தில் பள்ளிக்குப் பள்ளி பெரும் வேறுபாடு உண்டு. சிக்கனமான இந்தியப் பள்ளிகளில் பத்தாயிரம் திர்ஹத்துக்கு உள்ளேயும், நடுத்தரப் பள்ளிகளில் அதைப்போல இருமடங்கும், வசதி மிகுந்தவற்றில் முப்பதாயிரத்துக்கு மேலும் ஆகும். வகுப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதால், இன்றைய வகுப்பின் தொகையை மட்டும் பார்க்காமல் ஐந்து ஆண்டு கழித்து வரப்போகும் தொகையையும் பாருங்கள்.

எங்கள் மகளுக்கு முதல் ஆண்டில் கல்விக் கட்டணம் 11,800 திர்ஹம், பேருந்துக்கு 4,200, சீருடைக்கும் காலணிக்கும் 640, புத்தகங்களுக்கு 900, விண்ணப்பக் கட்டணம் 525. மொத்தம் 18,065 திர்ஹம். ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று கொண்டால் நான்கு லட்சத்துப் பதினைந்தாயிரம் ரூபாய். நியமனக் கடிதத்தில் பள்ளிக் கட்டண உதவி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திட்டவன் நான். அதைக் கேட்பதற்கு உகந்த நேரம் கையெழுத்துக்கு முன்பு மட்டும்தான். உதவி உண்டு என்றால், ரசீது காட்டிய பிறகு தருவார்களா, பள்ளிக்கே நேரடியாகக் கட்டுவார்களா, பேருந்தும் அதில் சேருமா என்றும் கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் பெற்றோரும் பள்ளியும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பருவத்தின் நடுவில் பிள்ளையை விலக்கினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது அதில் இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் படித்துவிட்டால் அந்தப் பருவக் கட்டணம் முழுவதையும் பள்ளி எடுத்துக்கொள்ளலாம். பின்தேதியிட்ட காசோலைகளைக் கேட்கும் பள்ளிகளும் உண்டு. புதிதாக வந்தவருக்குக் காசோலைப் புத்தகம் உடனே கிடைக்காது, ஆகவே மாற்று வழியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

8. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் இன்னும் கவனம்

சி.பி.எஸ்.இ.யில் பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் நடந்துவிடுகிறது. பத்திலோ பன்னிரண்டிலோ புதிதாகச் சேர்வது, ஏற்கெனவே சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பதோ பதினொன்றோ முடித்து, பெற்றோரின் பணி மாற்றம் போன்ற காரணத்தைச் சான்றுகளோடு காட்டி, வாரியத்தின் அனுமதி பெற்றவர்களுக்கே பெரும்பாலும் முடியும். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளையை இங்கே நேராகப் பத்தில் சேர்ப்பது பெரும்பாலும் முடியாது. அந்த ஓர் ஆண்டு மட்டும் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டு, பத்தை முடித்துக்கொண்டு பதினொன்றில் அழைத்து வருவதுதான் பல குடும்பங்கள் செய்வது. இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுத்துப் படித்து வந்த பிள்ளையானால், இங்குள்ள பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் தமிழ் இருக்கிறதா என்பதை உறுதிப்படுத்தாமல் ஊர்ப் பள்ளியிலிருந்து விலக்காதீர்கள்.

9. தேர்ந்தெடுத்த பள்ளியில் தமிழ் இல்லையென்றால்

கட்டணமோ தூரமோ காரணமாகத் தமிழ் இல்லாத பள்ளியில்தான் சேர்க்க முடிந்தது என்றால், சேர்த்த மாதமே வேறு ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள். தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் மழலைக் கல்வியும், அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்ற சான்றிதழ்ப் படிப்புகளும் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் பள்ளிப் பாடநூல்களையும் இணையத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்பும் குடும்பமானால் இந்தப் பாடநூலைப் பின்பற்றுவதுதான் பயனுள்ளது, ஏனென்றால் திரும்பிய பிறகு கையில் வரப்போவது அதுவே.

வார இறுதியில் வீட்டில் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியரிடம் அனுப்புவதானால் அவரிடம் தனிவகுப்பு நடத்துவதற்கான அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 டிசம்பரிலிருந்து அமீரகத்தில் இதற்கென்று ஈராண்டு அனுமதி கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அனுமதியில்லாமல் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துவது குற்றம். நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து நன்கொடை திரட்டி வகுப்பு நடத்தலாமே என்று நல்லெண்ணத்தோடு நாங்களும் நினைத்தோம். அனுமதியின்றி நிதி திரட்டுவதும் இங்கே தண்டனைக்குரியது என்று சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் எச்சரித்ததால் தப்பித்தோம்.

10. ஊரை விட்டு வரும்போதும் இங்கிருந்து போகும்போதும்

ஊர்ப் பள்ளியிலிருந்து விலகும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பள்ளி தன் பட்டியலிலிருந்து பெயரை விடுவித்துவிட்டதா என்று கேளுங்கள். விடுவிக்காமல் விட்டால், ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது வேறு பள்ளி பெயரை ஏற்ற முடியாமல் நிற்கும். இங்கிருந்து திரும்பும்போது முத்திரைகள் எதிர்த்திசையில் ஏறும். துபாய்ப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் கே.எச்.டி.ஏ., அமீரக வெளியுறவு அமைச்சகம், இந்தியத் துணைத் தூதரகம் என்ற வரிசையில் சான்றொப்பம் வாங்க வேண்டும். கட்டணப் பாக்கி இருந்தால் பள்ளி சான்றிதழைத் தராது, ஆகவே வேலையை விட்டு விலகுவதற்கான அறிவிப்பைக் கொடுக்கும் அதே வாரத்தில் பள்ளிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். விசா ரத்தான பிறகு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க நாட்கள் போதாது.